என்ஃபீல்டு சவுத்கேட் தொகுதி: 1997 ஸ்விங் 17.4-ஆ, 20.7-ஆ? முடிவுகளை அட்டவணையாக்குவதில் சந்தேகங்கள்

நெடுங்கிள்ளி (கேள்வி)

லண்டனின் வடக்குப் புறநகரில் உள்ள என்ஃபீல்டு சவுத்கேட் தொகுதியின் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளை ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். 1997 மே 1 அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக்கேல் போர்ட்டில்லோவை லேபரின் ஸ்டீபன் ட்விக் தோற்கடித்த தொகுதி. மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது ஸ்விங், அதாவது இரு தேர்தல்களுக்கு இடையில் ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு வாக்கு நகர்ந்த அளவு. என்னிடம் இருக்கும் எண்கள் இவை.

1992: கன்சர்வேட்டிவ் 28,422, லேபர் 12,859, லிபரல் டெமாக்ரட் 7,080, மொத்தம் 49,057.
1997: லேபர் 20,570, கன்சர்வேட்டிவ் 19,137, லிபரல் டெமாக்ரட் 4,966, ரெஃபரெண்டம் கட்சி 1,342, மொத்தம் 46,533.

எங்கு பார்த்தாலும் ஸ்விங் 17.4 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இரண்டு பெரிய கட்சிகளின் வாக்குகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் எனக்கு 20.7 வருகிறது. இரண்டு தேர்தல்களின் வாக்கு வித்தியாசங்களையும் கூட்டி (15,563 + 1,433), பாதியாக்கி, 1997-இன் மொத்த வாக்குகளால் வகுத்தால் 18.3 வருகிறது. எது சரி?

இரண்டாவது, லிபரல் டெமாக்ரட் ஆதரவாளர்கள் போர்ட்டில்லோவை வீழ்த்துவதற்காக லேபருக்கு மாற்றிப் போட்டதுதான் இந்த முடிவுக்குக் காரணம் என்று அடிக்கடி படிக்கிறேன். எண்கள் அதை ஆதரிக்கின்றனவா?

மூன்றாவது, இந்தியாவில் படிவம் 20-ஐ வைத்துச் சாவடி வாரியாகப் பார்ப்பதுபோல, பாமர்ஸ் கிரீன் எப்படிப் போட்டது, வின்ச்மோர் ஹில் எப்படிப் போட்டது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

தணிகை

ஸ்விங் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 17.4-ம் சரி, 20.7-ம் சரி. 18.3 தவறு.

வழக்கமாக அச்சில் வருவது டேவிட் பட்லர் முறை. ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் அந்தந்த ஆண்டில் பதிவான மொத்தச் செல்லுபடி வாக்குகளால் வகுக்க வேண்டும். கன்சர்வேட்டிவ் 57.94-லிருந்து 41.13-க்கு இறங்கியது: 16.81 புள்ளி இறக்கம். லேபர் 26.21-லிருந்து 44.21-க்கு ஏறியது: 18.00 புள்ளி ஏற்றம். இரண்டின் சராசரி 17.4.

20.7 என்பது மைக்கேல் ஸ்டீட் முறை. மற்ற கட்சிகளை முழுவதுமாக விலக்கிவிட்டு, இரு கட்சி வாக்குகளுக்குள் மட்டும் பங்கு பார்ப்பது. 28,422-ஐ 41,281-ஆல் வகுத்தால் 68.85, 19,137-ஐ 39,707-ஆல் வகுத்தால் 48.20. இடைவெளி சுமார் 20.7. பிழை ஏதும் இல்லை, கேள்வியே வேறு. மூன்றாம் கட்சியின் வாக்கு அதிகம் ஏறி இறங்கும் இடங்களில் இந்த முறைக்குப் பயன் உண்டு. ஆனால் ஒரே அட்டவணையில் இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள்.

18.3 எங்கே பிசகுகிறது என்றால், 1992-இன் வாக்கு வித்தியாசமான 15,563-ஐயும் நீங்கள் 1997-இன் மொத்தத்தால் வகுத்துவிட்டீர்கள். 1997-இல் மொத்த வாக்கு 2,524 குறைந்தது. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். 15,563-ஐ 49,057-ஆல் வகுத்து 31.72, 1,433-ஐ 46,533-ஆல் வகுத்து 3.08, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 17.4 வந்துவிடும். முன்னணி ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்குக் கைமாறினால் கூட்ட வேண்டும். அதே கட்சியிடமே இருந்தால் கழிக்க வேண்டும். 2019 வரிசையில் இதைக் கவனியுங்கள். 2017-இல் லேபர் முன்னணி 9.0, 2019-இல் 9.4, ஆகவே ஸ்விங் லேபர் பக்கம் வெறும் 0.2.

சதவீதங்களை ஒரு தசமத்துக்குச் சுருக்கியபின் கழிக்க வேண்டாம். வாக்கு எண்ணிக்கையிலிருந்தே தொடங்குங்கள், கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள். இல்லையென்றால் அங்கங்கே 0.1 தட்டும்.

வடக்குவாசல்

அட்டவணை 1983-இல் தொடங்கினால் அதில் லேபர்–கன்சர்வேட்டிவ் ஸ்விங் மட்டும் போடுவது வாசகரைத் தவறான திசைக்கு அனுப்பும். ஏனென்றால் எண்பதுகளில் அங்கே இரண்டாம் இடம் லேபருடையது இல்லை.

1984 அக்டோபர் 12 அன்று பிரைட்டன் கிராண்ட் ஹோட்டலில் ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) வைத்த குண்டில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் சர் ஆன்டனி பெர்ரி இறந்தார். அதனால் வந்த இடைத்தேர்தல் டிசம்பர் 13 அன்று. போர்ட்டில்லோ முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போனது அதில்தான்: 16,684 வாக்குகள். லிபரல்–எஸ்.டி.பி. (சோஷியல் டெமாக்ரட்டிக் கட்சி) கூட்டணியின் லிபரல் வேட்பாளர் 11,973. லேபர் 4,000. அந்தக் காலத்தில் டெபாசிட்டைக் காப்பாற்ற எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும். இந்த மூவரின் கூட்டுத்தொகை மட்டுமே 32,657. அதில் எட்டில் ஒன்று 4,082. சிறு வேட்பாளர்களைச் சேர்க்காமலே லேபர் டெபாசிட்டை இழந்திருக்கிறது. பன்னிரண்டரை ஆண்டுக்குள் அதே கட்சி அதே ஆளைத் தோற்கடித்தது. இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் 1997 இரவைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

1987-இல் கன்சர்வேட்டிவ் 28,445, கூட்டணி 10,100, லேபர் 9,114. அப்போதும் லேபர் மூன்றாம் இடம். 1992-இல்தான் இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஆகவே 1983–92 வரிசைகளில் முதல் இரண்டு இடங்களுக்கு இடையிலான இடைவெளி என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வையுங்கள். லேபர்–கன்சர்வேட்டிவ் ஸ்விங்கைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

பெயர் விஷயமும் ஒன்று. 1950-இல் உருவானபோது தொகுதியின் பெயர் வெறும் சவுத்கேட். 1983-இல்தான் முன்னால் என்ஃபீல்டு சேர்ந்தது. 1965-இல் சவுத்கேட், எட்மன்டன், என்ஃபீல்டு ஆகிய மூன்று நகராட்சிகளும் மிடில்செக்ஸ் மாவட்டத்திலிருந்து ஒரே லண்டன் பரோவாக (உள்ளாட்சிப் பகுதியாக) இணைந்ததன் விளைவு அது. 1950-க்கு முன் இந்தப் பகுதி வுட் கிரீன் தொகுதிக்குள் இருந்தது. அதன் உறுப்பினராக இருந்த பெவர்லி பாக்ஸ்டர் 1950-இல் சவுத்கேட்டுக்கு மாறி 1964 வரை இருந்தார். 2024-இல் தொகுதி மீண்டும் வுட் கிரீனுடன் சேர்ந்து சவுத்கேட் அண்டு வுட் கிரீன் ஆகிவிட்டது. தரவுத்தளங்களில் பெயரை வைத்துத் தேடினால் பாதி வரலாறு கிடைக்காது. மூன்று பெயர்களிலும் தேடுங்கள்.

மல்லிகா ரா.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஒருவரை வீழ்த்துவதற்காக வேறு கட்சிக்கு மாற்றிப் போடும் தந்திர வாக்குக்கு வருகிறேன். எண்கள் அந்த விளக்கத்தை ஓரளவுக்குத்தான் தாங்குகின்றன.

லேபருக்கு ஏறியது 7,711 வாக்கு. லிபரல் டெமாக்ரட் இழந்தது 2,114. அந்த இழப்பு அத்தனையும் அப்படியே லேபருக்குப் போனதாக வைத்துக்கொண்டாலும் ஏற்றத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் ஆகிறது. மிச்சம் 5,597 வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். மறுபுறம் கன்சர்வேட்டிவ் இழந்தது 9,285. வாக்குப்பதிவு 76.3 சதவீதத்திலிருந்து 70.7-க்கு இறங்கியது. பழைய கன்சர்வேட்டிவ் வாக்காளர் சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், சிலர் நேரடியாக லேபருக்கு மாறினார்கள், இடையில் ஐந்து ஆண்டில் குடி மாறியவர்கள், புதிதாக வாக்குரிமை பெற்றவர்கள் என்று எல்லாம் கலந்த விளைவு இது. மொத்த எண்களை வைத்து யார் எங்கே போனார் என்று பிரிக்க முடியாது. நிகர மாற்றம் மட்டும்தான் தெரியும். இதை அட்டவணையின் கீழே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

அதே நேரம் அந்த 2,114 முக்கியமில்லை என்று சொல்லவில்லை. வித்தியாசம் 1,433-தான். லிபரல் டெமாக்ரட் தன் 7,080-ஐ அப்படியே தக்கவைத்து, அந்த வாக்குகள் லேபரிடமிருந்து குறைந்திருந்தால் போர்ட்டில்லோ வென்றிருப்பார். தந்திர வாக்கு கடைசி அடியைப் போட்டது. அந்த அடிக்குள் வரும் தூரத்துக்குத் தொகுதியைக் கொண்டுவந்தது கன்சர்வேட்டிவ் வாக்குச் சரிவு.

ஐரோப்பிய ஒன்றியம் பற்றி வாக்கெடுப்பு கேட்ட ரெஃபரெண்டம் கட்சி வாக்கைப் பிரித்ததால் போர்ட்டில்லோ தோற்றார் என்ற வாதமும் உலவுகிறது. அது நிற்காது. அந்தக் கட்சியின் 1,342 வாக்கும் ஒன்றுவிடாமல் போர்ட்டில்லோவுக்கே விழுந்திருந்தாலும் ட்விக் 91 வாக்கில் வென்றிருப்பார்.

அடுத்து, 1992-இல் எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்து 19,939, கன்சர்வேட்டிவ் 28,422. சேர்ந்தாலும் வெல்ல முடியாத தொகுதி. 1997-இல் அதே இரு கட்சிகளின் கூட்டுத்தொகை 25,536. அந்த 5,597 தான் கதை. கணக்குப்படி மேலே சொன்ன மிச்சமும் இதுவும் ஒரே எண்தான், தற்செயல் இல்லை.

அன்று இது தனித் தீவாகவும் நடக்கவில்லை. பக்கத்து என்ஃபீல்டு நார்த், ஃபின்ச்லி அண்டு கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன், மேற்கே ஹாரோ ஈஸ்ட், ஹாரோ வெஸ்ட், பிரெண்ட் நார்த் எல்லாம் ஒரே இரவில் லேபருக்குப் போயின. சிப்பிங் பார்னெட் 1,035 வாக்கில் கன்சர்வேட்டிவிடம் தப்பியது. நாடு முழுவதுமான ஸ்விங் 10 சதவீதம். வடக்கு, வடமேற்கு லண்டன் புறநகரில் அதைவிட எவ்வளவோ அதிகம். போர்ட்டில்லோ என்ற தனி மனிதர் மீதான வெறுப்பு என்று மட்டும் சொன்னால், அவர் நிற்காத இந்தத் தொகுதிகளை விளக்க முடியாது.

நெடுங்கிள்ளி

மூவருக்கும் நன்றி. ஸ்விங் பத்தியைத் திருத்திவிட்டேன். ஆனால் இப்போது ஒரு புதுச் சந்தேகம். 2001-இல் ட்விக்கின் வித்தியாசம் 5,546-ஆக ஏறுகிறது, 2005-இல் டேவிட் பர்ரோஸ் 1,747-இல் வெல்கிறார், 2010-இல் அவருக்கு 7,626, 2015-இல் 4,753, 2017-இல் லேபரின் பாம்போஸ் சராலம்பஸ் 4,355-இல் பிடிக்கிறார், 2019-இல் 4,450. இந்த ஏற்ற இறக்கத்தில் தொகுதி உண்மையில் எப்போது மாறியது என்று எப்படிச் சொல்வது?

தணிகை

வாக்கு வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் நாட்டின் அலையும் தொகுதியின் குணமும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். பிரித்துப் பார்க்க எளிய வழி: தொகுதியில் ஒரு கட்சியின் முன்னணி எவ்வளவு புள்ளி, நாடு முழுவதும் எவ்வளவு புள்ளி, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன. அதைத் தொகுதியின் சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஐக்கிய இராச்சியம் முழுவதுக்குமான சதவீதங்களை வைத்துப் போட்டது இது. கன்சர்வேட்டிவ் என்பதைக் 'க' என்றும் லேபரை 'லே' என்றும் குறித்திருக்கிறேன்.

1992: தொகுதியில் க 31.7, நாட்டில் க 7.5, சாய்வு க 24.2
1997: தொகுதியில் லே 3.1, நாட்டில் லே 12.5; சாய்வு க 9.4
2001: தொகுதியில் லே 13.2, நாட்டில் லே 9.0, சாய்வு லே 4.2
2005: தொகுதியில் க 4.1, நாட்டில் லே 2.8, சாய்வு க 6.9
2010: தொகுதியில் க 17.2, நாட்டில் க 7.1, சாய்வு க 10.1
2015: தொகுதியில் க 10.4, நாட்டில் க 6.5, சாய்வு க 3.9
2017: தொகுதியில் லே 9.0, நாட்டில் க 2.4, சாய்வு லே 11.4
2019: தொகுதியில் லே 9.4, நாட்டில் க 11.5, சாய்வு லே 20.9

1997 வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் படியுங்கள். 1997-இல் லேபர் நாட்டையே அள்ளியது. அந்த உச்சத்தில்கூட சவுத்கேட் நாட்டைவிடக் கன்சர்வேட்டிவ் பக்கமே ஒன்பது புள்ளிக்கு மேல் சாய்ந்திருந்தது. 2019-இல் லேபர் 202 இடங்களோடு 1935-க்குப் பிறகான மிக மோசமான தோல்வியைச் சந்தித்தது. அதில்தான் சவுத்கேட் 1997-ஐவிட மூன்று மடங்கு முன்னணி கொடுத்தது. வரலாற்றில் எல்லோருக்கும் நினைவிருப்பது 1997. தொகுதி உண்மையில் புரண்டது 2015-க்கும் 2019-க்கும் இடையில் என்பதே என் முடிவு.

ஒரு எச்சரிக்கை. நாட்டுச் சதவீதத்துக்கு வட அயர்லாந்தைச் சேர்த்தும் போடுவார்கள், விலக்கியும் போடுவார்கள். 1997-இல் லேபர் ஐக்கிய இராச்சியம் முழுவதும் 43.2; பிரிட்டனில் மட்டும் 44.3. ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லா வரிசைக்கும் அதையே வையுங்கள்.

மல்லிகா ரா.

சாய்வுக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 1997-ஐ அப்படி ஓரம் தள்ள முடியாது. ஒரே தேர்தலில் 24-லிருந்து 9-க்கு இறங்கியது. அதன் பிறகு 2010-இல் ஒருமுறை 10-ஐத் தொட்டபோதுகூட, பழைய உயரத்தின் பாதிக்குத் திரும்பவில்லை. கோட்டை என்ற நிலை 1997-இல் முடிந்தது. லேபர் தொகுதி என்ற நிலை 2017-இல் வந்தது. நடுவில் இருபது ஆண்டு இரண்டுமே இல்லாத காலம். ஒரு ஆண்டைச் சுட்டாமல் இரண்டு ஆண்டுகளைச் சுட்டுவதே நியாயம்.

2001 வரியைத் தனியாக விளக்க வேண்டும். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் லேபர் வாக்குச் சதவீதம் குறைந்தது; இங்கே ட்விக்கின் வாக்கு 20,570-லிருந்து 21,727-ஆக ஏறியது. பதவியில் இருக்கும் உறுப்பினருக்குக் கிடைக்கும் சொந்த வாக்கு இருக்கிறதே, அது இந்த முறை இரட்டிப்பாக வேலை செய்தது. எதிர்த்தரப்பில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்த போர்ட்டில்லோ இல்லை. அவர் 1999 இடைத்தேர்தலில் கென்சிங்டன் அண்டு செல்சீக்குப் போய்விட்டார். இந்தப் பக்கம் ட்விக் நான்கு ஆண்டு தொகுதி வேலை செய்திருந்தார். முதல் முறை கைப்பற்றியவர் அடுத்த தேர்தலில் இப்படி ஏறுவது பல தொகுதிகளில் நடப்பது. அதைத் தொகுதியின் நிரந்தர மாற்றமாக எடுத்தால் 2005 புரியாது. 2005-இல் கன்சர்வேட்டிவ் ஏற்றம் 2,649, லேபர் இறக்கம் 4,644; ஈராக் போருக்குப் பிந்தைய அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் வென்றதைவிட லேபர் இழந்ததே அதிகம்.

2017-க்குக் காரணங்களில் முதலாவது ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு. 2016-இல் என்ஃபீல்டு பரோ 55.8 சதவீதம் ஒன்றியத்தில் நீடிக்கவே போட்டது. சவுத்கேட் பகுதி பரோ சராசரியைவிட மேலே என்பதே மதிப்பீடு. பர்ரோஸ் வெளியேறும் தரப்பில் நின்றவர். தொகுதிக்கும் உறுப்பினருக்கும் இடையே அப்படி ஒரு பிளவு இருக்கும்போது 9.7 சதவீத ஸ்விங் வியப்பில்லை. மெதுவாக நடந்த இன்னொன்றும் உண்டு: உள் லண்டனில் வீட்டு விலையும் வாடகையும் ஏற ஏற, அங்கிருந்த இளம் குடும்பங்கள் பிக்காடிலி ரயில் பாதையைப் பிடித்து வெளியே வந்தன. நார்த் சர்க்குலர் சாலையை ஒட்டிய பௌஸ், பாமர்ஸ் கிரீன் பக்கம் இது அதிகம். பாமர்ஸ் கிரீனில் வேரூன்றிய கிரேக்க சைப்ரஸ் சமூகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் அவர்கள் ஒரே கட்சிக்குப் போடுகிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்; அதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

வடக்குவாசல்

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லாமல் போய்விட்டோம். நாடாளுமன்றத் தேர்தலில் வார்டு வாரி முடிவு பிரிட்டனில் கிடையாது. யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதல்ல. எண்ணும் முறையே அப்படி. முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனைச் சீட்டுகள் இருக்கின்றன என்று சரிபார்ப்பார்கள். அதன் பிறகு ஒரு பெட்டியின் சீட்டுகளைக் குறைந்தது இன்னொரு பெட்டியின் சீட்டுகளோடு கலந்த பிறகுதான் வேட்பாளர் வாரியாக எண்ணலாம் என்று 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. தபால் வாக்குகளும் இதில் சேர்ந்துவிடும். படிவம் 20-க்கு இணையான ஒன்று உருவாகவே வாய்ப்பில்லை. சரிபார்ப்பின்போது கட்சி முகவர்கள் மேசை அருகே நின்று சீட்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுண்டு. அது கட்சிக்குள் இருக்கும் மாதிரிக் கணக்கு, வெளியில் வராது.

மாற்று வழி உள்ளாட்சித் தேர்தல். என்ஃபீல்டு கவுன்சிலுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வார்டு வாரியாக முடிவு வரும். அதைப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் வழுக்கும். ஒரு வார்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், ஒரு வாக்காளருக்கு அத்தனை வாக்குகள். எல்லா வாக்குகளையும் கூட்டினால் ஒரே ஆளின் வாக்குகள் பல ஆட்களைப்போலத் தோன்றும், ஆகவே ஒவ்வொரு கட்சியிலும் அதிகம் பெற்ற ஒருவரை மட்டும் எடுங்கள். வாக்குப்பதிவு பொதுத்தேர்தலைவிட மிகக் குறைவு. உள்ளூர்ப் பிரச்சினைக்காக வேறு கட்சிக்குப் போடுவார்கள். வார்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற வரிசைமுறைக்கு இது போதும், சதவீதத்துக்குப் போதாது.

கடைசியாக எல்லைகள். 2010-இல் எல்லை மாறியது. ஆகவே 2005-இன் 1,747-ஐயும் 2010-இன் 7,626-ஐயும் நேரடியாகக் கழித்து ஸ்விங் போடக் கூடாது. 2005 வாக்குகள் புதிய எல்லைக்குள் விழுந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கொலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் இருவரும் தயாரித்த மதிப்பீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த மதிப்பீடே மேலே சொன்ன வார்டுத் தேர்தல்களை வைத்துத்தான் கட்டப்படுகிறது, அதனால் அதற்கும் பிழை எல்லை உண்டு. தணிகையின் சாய்வு வரிசையிலும் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

2024-க்கு இன்னும் தடித்த கோடு தேவை. ஹாரிங்கே பரோவிலிருந்து வுட் கிரீன் பகுதி உள்ளே வந்தது. வின்ச்மோர் ஹில் பிரிந்து எட்மன்டன் அண்டு வின்ச்மோர் ஹில் தொகுதிக்குப் போனது. சராலம்பஸ்தான் மீண்டும் வென்றார் என்பதால் அதே தொகுதி தொடர்கிறது என்று தோன்றும். உறுப்பினர் தொடர்கிறார், தொகுதி தொடரவில்லை. என்ஃபீல்டு சவுத்கேட் அட்டவணையை 2019-இல் முடித்துவிட்டு, 2024-ஐ அடுத்த அட்டவணையின் முதல் வரியாக வையுங்கள். அதன் ஸ்விங் கட்டத்தில் மதிப்பீட்டு அடிப்படையில் என்று குறிப்பு இருக்கட்டும்.